கல்யாண ரிஜிஸ்தரில் ஒரு கைநாட்டு

வீடும் சட்டமும்

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். கூடவே ஒரு பழைய கல்யாண ரிஜிஸ்தரின் நகல். தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், ஊரையும் சபையையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அவருடைய கொள்ளுப்பாட்டிக்கு 1893-ல் கிறிஸ்தவ முறைப்படி கல்யாணம் நடந்திருக்கிறது. பாட்டி, பூட்டி என்று எல்லோர் கதையும் பேசுகிற குடும்பத்தில் இந்த ஒருத்தியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லையாம். கேட்டால் பெரியப்பா, "அவ அப்பனை மீறிக் கட்டிக்கிட்டவ. அந்தக் கதை இப்ப எதுக்கும்மா?" என்று முடித்துவிடுவாராம். ஒரு போட்டோ கிடையாது. கல்லறை எங்கே என்று தெரியாது. இந்தச் சகோதரி விடாமல் கோயில் ஆபீசுக்கு நடையாய் நடந்து நகல் வாங்கிவிட்டார்.

அதில் பெண்ணுக்கு வயது 17. தகப்பன் பெயர் என்கிற கலத்தில் தகப்பன் பெயர் இருக்கிறது. ஆனால் ஓரத்தில், பொடி எழுத்தில், 'மைனர், தாயின் சம்மதத்தின்பேரில்' என்று ஒரு குறிப்பு. அதன் கீழே ஒரு கைநாட்டு. பக்கத்தில் அந்தத் தாயின் பெயர்.

'தகப்பன் இருந்தும் சம்மதம் தரவில்லை, தாய் மட்டும் தந்திருக்கிறாள். அப்படியானால் பெரியப்பா சொல்வது நிஜந்தானே அம்மா?' என்பது அவர் கேள்வி.

நிஜமில்லை. அந்த ஓரக் குறிப்பு சொல்வது நேர்மாறான சங்கதி. ஏன் என்று சொல்கிறேன். வீட்டில் இப்படிப் பழைய காகிதம் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இது பயன்படும்.

இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டம் வந்தது 1872-ல். அந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு, மைனரின் கல்யாணத்துக்கு யார் சம்மதம் தர வேண்டும் என்று ஒரு வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறது. முதலில் தகப்பன். அவர் உயிரோடு இருந்தால் அவர் ஒருவரேதான். பெற்றவள் வாயே திறக்க வேண்டாம். தகப்பன் இறந்து போயிருந்தால் கார்டியன். அப்படி ஒரு கார்டியனும் இல்லையென்றால், அப்போதுதான் தாய்!

பார்த்தீர்களா? பத்து மாதம் சுமந்தவளுக்கு மூன்றாவது ஸ்தானம்.

ஆகவே ஒரு ரிஜிஸ்தரில் 'தாயின் சம்மதம்' என்று இருந்தால், அதற்கு அர்த்தம் தகப்பன் முறைத்துக்கொண்டு போனார் என்பதல்ல. கல்யாணத் தேதிக்கு முன்பே அவர் இறந்துவிட்டார், கார்டியன் என்றும் யாரும் இல்லை என்றுதான் பொருள். உயிரோடு இருக்கிற தகப்பன் 'மாட்டேன்' என்று சொல்லியிருந்தால், தாய் ஆயிரம் கைநாட்டு வைத்தாலும் போதகர் அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்திருக்க முடியாது. சம்மதம் தர உரிமையுள்ளவர் போதகருக்கு எழுத்து மூலம் தடை சொல்லவும் 20-வது பிரிவு இடம் கொடுத்திருந்தது. தகப்பன் பெயர்க் கலத்தில் பெயர் இருக்கிறதே என்றால், அது பெண் யாருடைய மகள் என்று காட்டுவதற்காக மட்டுமே. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அது சாட்சியில்லை. சில எழுத்தர்கள் பக்கத்தில் 'காலஞ்சென்ற' என்று சேர்ப்பார்கள். பல பேர் சேர்க்க மாட்டார்கள்.

இந்தப் பதிலைச் சுருக்கமாக அவருக்கு முன்பே தபாலில் எழுதிவிட்டேன். ஒரே காகிதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது, அதே கோயிலில் அடக்க ரிஜிஸ்தரையும் பாருங்கள், 1893-லிருந்து பின்னோக்கிப் புரட்டுங்கள் என்றேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தின பக்கத்தில் அந்தத் தகப்பன் அடக்கம் பண்ணப்பட்ட பதிவு இருக்கிறதாம். பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாராம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாராம். "செத்துப் போனவன் எப்படிம்மா வேண்டாம்னு சொல்வான்?" என்றாராம், தனக்குத்தானே கேட்டுக்கொள்வது போல. அந்த வதந்தி எங்கே கிளம்பியது என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. கல்யாணம் பிடிக்காத சித்தப்பன், பெரியப்பன் யாராவது கிளப்பிவிட்டிருக்கலாம். அது என் ஊகம்தான். ஒரு விதவைத் தாய் தன் பெண்ணுக்குத் தானே முன்னின்று கல்யாணம் பண்ணி வைத்தாள் என்பது மட்டும் நிச்சயம். அவள் பெயர் அந்தக் குடும்பத்தில் யாருக்குமே தெரிந்திருக்கவில்லை. இந்த ஓரத்தில்தான் கிடைத்தது.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1872-ஆம் வருஷத்துச் சட்டத்தோடு அச்சடித்துக் கொடுத்த விவாகப் படிவத்தில் பெயர், வயது, கல்யாணமாகாதவரா, விதவையா என்கிற நிலை, தொழில், இருப்பிடம், தகப்பன் பெயர் எல்லாவற்றுக்கும் கலம் உண்டு. தாய்க்குக் கலமே கிடையாது. ஆண் துணை எல்லாம் போன பிறகு, சம்மதம் என்கிற பின்வாசல் வழியாகத்தான் அவள் அந்தக் காகிதத்துக்குள் நுழைய முடிந்தது. அதனால் நகல் கையில் கிடைத்ததும் நடுவில் இருக்கிற பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். ஓரத்தைப் பாருங்கள். சாட்சிக் கையெழுத்துகளைப் பாருங்கள்.

இந்தச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 1753 வரை பாதிரியார் ஒருவர் அகப்பட்டால் எங்கே வேண்டுமானாலும் ரகசியமாகக் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்கிற நிலைமை. பணக்கார வீட்டுப் பெண்களை இழுத்துக்கொண்டு போய்த் தாலி கட்டாத குறையாக... (அவர்கள் ஊரில் மோதிரம்!) அதைத் தடுக்க ஹார்ட்விக் பிரபு கொண்டு வந்த சட்டம் 1754 மார்ச் 25-லிருந்து அமலுக்கு வந்தது. 21 வயசு ஆகாதவர்கள் லைசென்ஸ் எடுத்துக் கல்யாணம் செய்வதானால் தகப்பன் சம்மதம் வேண்டும். அவர் இல்லாவிட்டால் கார்டியன். அவரும் இல்லாவிட்டால் தாய். அந்தத் தாயும் மறுமணம் செய்துகொள்ளாதவளாக இருக்க வேண்டும்! இரண்டாங் கல்யாணம் செய்துகொண்ட விதவைக்குத் தன் வயிற்றில் பிறந்த பெண்ணின் கல்யாணத்தில் பேச்சுரிமை போய்விடும். சம்மதமில்லாமல் லைசென்ஸில் நடந்த கல்யாணம் செல்லவே செல்லாது என்றும் வைத்திருந்தார்கள். பிள்ளை குட்டி பெற்ற பிறகு 'இது கல்யாணமே இல்லை' என்று வந்து நின்ற கதைகளெல்லாம் உண்டு. அந்தக் கொடுமை 1823-ல்தான் நீங்கியது.

சட்டம் என்றால் ஓட்டை இல்லாமலா? ஸ்காட்லாந்துக்கு இது பொருந்தாது. எல்லையைத் தாண்டியதும் கிரெட்னா கிரீன் என்று ஒரு கிராமம். அங்கே கொல்லன் பட்டறையில் இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் 'சம்மதம்' என்று சொன்னால் கல்யாணம் முடிந்தது. பெண்ணுக்கு 12, பையனுக்கு 14 ஆகியிருந்தால் போதும். அப்பா குதிரை வண்டியில் துரத்திக்கொண்டு வருவதற்குள் காரியம் ஆகிவிடும். 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்று 1856-ல் சட்டம் போட்ட பிறகுதான் இந்த ஓட்டம் தளர்ந்தது.

நம் ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. சென்னைக் கோட்டையில் செயிண்ட் மேரீஸ் கோயில் 1680-லிருந்து இருக்கிறது. அங்கே 1753 பிப்ரவரி 18-ஆம் தேதி ராபர்ட் கிளைவ் கல்யாணம் செய்துகொண்டார். மணப்பெண் மார்கரெட் மாஸ்கலினுக்கு வயது 17. பெண்ணின் தாய் தகப்பன் இருவருமே அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். கோட்டைக் கல்யாணத்தில் அப்போது ஹார்ட்விக் சட்டம் குறுக்கே வரவில்லை. அது பிறந்ததே அதே வருஷம் சில மாதம் கழித்துத்தான். அதே கோயிலில் 1680 நவம்பரில் எலிஹு யேல் கல்யாணம் செய்துகொண்ட காதரின் ஹின்மர்ஸோ ஒரு விதவை.

விதவை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1872-ஆம் வருஷத்துச் சட்டப்படி 'மைனர்' என்றால் 21 வயது முடியாதவர், அதோடு விதவையோ மனைவியை இழந்தவரோ அல்லாதவர். அதாவது பதினாறு வயதில் புருஷனை இழந்த பெண் மறுபடி கல்யாணம் செய்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை! நம் ஊரில் விதவையை மூலையில் உட்கார வைத்த அதே காலத்தில், காகிதத்திலாவது சட்டம் அவளைப் பெரிய மனுஷியாக நடத்தியிருக்கிறது. ஆகவே நிலை என்கிற கலத்தில் 'விதவை' என்று இருந்து வயது 18 என்றிருந்தால், சம்மதக் குறிப்பு ஏன் இல்லை என்று குழம்பாதீர்கள்.

அதே மாதிரி, 'மைனர்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் "ஐயோ, பச்சைக் குழந்தைக்கு!" என்று பதற வேண்டாம். இருபது வயசு வாத்தியாரம்மாவும் அந்தக் கணக்கில் மைனர்தான். (நாம் 'மைனர்' என்றால் கழுத்தில் செயின் போட்டுக்கொண்டு திரிகிறவரை நினைத்துக்கொள்கிறோம். அது வேறே மைனர்!) இன்னொரு பக்கம், சுதேசக் கிறிஸ்தவர்களுக்கென்று அந்தச் சட்டத்தில் இருந்த தனி அத்தியாயத்தில் பெண்ணுக்கு 13-க்கு மேல், பையனுக்கு 16-க்கு மேல் இருந்தால் போதும் என்றிருந்தது, 18 முடியாவிட்டால்தான் சம்மதம் கேட்டார்கள். ஆகவே எந்த அத்தியாயத்தின்படி நடந்த கல்யாணம் என்பதைப் பொறுத்து வரம்பு மாறும். ஆங்கிலிகன் சபைக்கும் ரோமன் கத்தோலிக்கருக்கும் தங்கள் தங்கள் கோயில் விதிகள் உண்டு.

இனி, சம்மதம் யார் தந்தார் என்பதிலிருந்து என்னென்ன தெரிந்துகொள்ளலாம் என்று பார்ப்போம். தகப்பன் தந்திருந்தால் அந்தத் தேதியில் அவர் உயிரோடு இருந்தார். அவருடைய அடக்கப் பதிவை அதற்குப் பிந்திய பக்கங்களில் தேடலாம். இது சுலபம்.

கார்டியன் என்று உறவில்லாத ஒரு பெயர் இருந்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். சென்னை ராஜதானியில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. அநாதையான குழந்தைகளை மிஷன் விடுதிகளில் சேர்த்து வளர்த்தார்கள். 1880-களின் கடைசியில், 1890-களின் ஆரம்பத்தில் கல்யாணமான பெண்ணுக்கு இப்படி ஒரு கார்டியன் இருந்தால், அவள் பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவளாக இருக்கலாம். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். விடுதிப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு இரண்டையும் பார்த்த பிறகு சொல்லலாம். பெரியவளான பிறகு ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அந்த ஊகம் வலுப்படும்.

மூன்றாவது ஒரு வகை உண்டு. 'சம்மதம் தரத்தக்கவர் யாரும் இந்தியாவில் இல்லை' என்கிற பிரமாணம். யாருமே இல்லாதவள் என்று இதற்கு அர்த்தமில்லை. சட்டம் கேட்டது இந்தியாவில் வசிக்கிறாரா என்பதைத்தான். தகப்பன் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கோ மலேயாவுக்கோ போயிருந்தால் அவர் கணக்கில் வர மாட்டார். பர்மா மட்டும் 1937 வரை இந்தியாவோடு சேர்ந்திருந்தது. இந்த வரியைப் பார்த்துவிட்டு 'தகப்பன் இறந்துவிட்டார்' என்று குடும்ப மரத்தில் சிலுவைக் குறி போட்டுவிடாதீர்கள். அவர் கப்பலேறியிருக்கலாம். தேட வேண்டிய இடம் இங்கே கல்லறைத் தோட்டமில்லை, அக்கரை.

வயது விஷயத்திலும் ஜாக்கிரதை தேவை. சம்மதம் கேட்டால் சங்கடம் என்று வயதைக் கூட்டிச் சொன்னவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெண்ணுக்கும் 21, மாப்பிள்ளைக்கும் 21 என்று ஜோடியாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். இங்கிலாந்தில் 1837-க்குப் பிறகு எழுதின ரிஜிஸ்தர்களில் வயதே போடாமல் 'முழு வயதினர்' என்று எழுதிவிட்டுப் போன பக்கங்கள் ஏராளம். 21 ஆகிவிட்டது என்பதற்கு மேல் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. இதற்கெல்லாம் ஒரே மருந்து ஞானஸ்நானப் பதிவேடு. இன்னொரு காரணத்துக்காகவும் அதைத் தேடிப் போக வேண்டும். கல்யாண ரிஜிஸ்தர் தாயை விட்டுவிட்டாலும் ஞானஸ்நான ரிஜிஸ்தரில் தாய் பெயரும் எழுதுவது வழக்கம். கல்யாணப் பதிவிலிருந்து வயது, வயதிலிருந்து பிறந்த வருஷம், அதிலிருந்து ஞானஸ்நானம், அதில் தாய். இதுதான் படி.

சட்டத்தில் என்னை நிஜமாகவே கோபப்படுத்திய இடம் ஒன்று உண்டு. ரிஜிஸ்திரார் முன்னிலையில் நடக்கும் கல்யாணங்களுக்கான 45-வது பிரிவு. சம்மதம் தர வேண்டியவர் நியாயமில்லாமல் மறுத்தால் கோர்ட்டுக்கு மனுப் போடலாம் என்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடைப்புக்குறிக்குள் 'தகப்பன் நீங்கலாக' என்று இரண்டு வார்த்தை! தாய் மறுத்தால் ஜட்ஜ் விசாரிப்பார். தகப்பன் மறுத்தால் அது பிரம்மா எழுத்து. இங்கிலாந்திலாவது 1925-ல் சேர்ந்து வாழும் தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்று திருத்தினார்கள். அங்கேயும் கல்யாண ரிஜிஸ்தரில் தாயின் பெயர் ஏறியது எப்போது தெரியுமா? 2021 மே 4-ஆம் தேதி. நம்ப முடிகிறதா? 1837-லிருந்து 184 வருஷம் அந்தக் கலம் தகப்பனுக்கு மட்டுமே.

பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தில் மேல். 1804-ஆம் வருஷத்து பிரெஞ்சு சிவில் சட்டப்படி, பையனுக்கு 25, பெண்ணுக்கு 21 ஆகும் வரை தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும். இருவருக்கும் அபிப்பிராய பேதம் வந்தால் தகப்பன் சொல்தான் நிற்கும் (அங்கேயும் அப்படித்தான்!). ஆனால் பதிவில் இருவர் பெயரையும் எழுதியாக வேண்டும். ஒருவர் இறந்திருந்தால் மற்றவர். இருவரும் இல்லாவிட்டால் தாத்தா பாட்டி. பாண்டிச்சேரி, காரைக்காலில் 1881-ஆம் வருஷத்து ஆணைப்படி தங்கள் சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வந்த தமிழர்கள் உண்டு. அந்த வம்சத்தில் வந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பிரான்ஸில் ஏக்ஸ் நகரத்தில் இருக்கிற கடல்கடந்த நாடுகளுக்கான ஆவணக் காப்பகம், பிரெஞ்சு இந்தியாவின் பழைய பிறப்பு, விவாக, மரணப் பதிவேடுகளைப் படம் பிடித்து இணையத்தில் காசு வாங்காமல் வைத்திருக்கிறது. கை எழுத்துப் பிரெஞ்சு. தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் போதும்.

"கிறிஸ்தவர்களுக்குச் சரி, எங்களுக்கு?" என்று கேட்பது காதில் விழுகிறது.

முஸ்லிம் சகோதரிகள் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரைக் கேட்டுப் பாருங்கள். பெண்ணுக்கு வலியாக இருந்தவர் யார், சாட்சிகள் யார் என்று அதில் இருக்கும். வலி தகப்பனா, பாட்டனாரா, அண்ணனா என்பதிலிருந்து, மேலே சொன்ன மாதிரியே, அன்றைக்கு யார் இருந்தார், யார் இல்லை என்று கணக்குப் போடலாம்.

இந்துக் கல்யாணங்களுக்குப் பழைய காலத்தில் ரிஜிஸ்தர் கிடையாது. தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்தையும் கட்டாயம் பதிய வேண்டும் என்று சட்டம் வந்ததே 2009-ல்தான். ஆனால் சம்மத வரிசை ஒன்று இந்துக்களுக்கும் இருந்தது. 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டம் பெண்ணுக்கு 15 என்று வைத்து, 18 ஆகாத பெண்ணுக்குக் கார்டியன் சம்மதம் கேட்டது. அந்தப் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும். தகப்பன், தாய், தகப்பனைப் பெற்ற தாத்தா, பாட்டி, அண்ணன், சித்தப்பா பெரியப்பா, பிறகு தாயைப் பெற்ற தாத்தா, பாட்டி... எல்லாம் முடிந்து கடைசி ஆளாக வருகிறார் யார்? தாய்மாமன்! சீர் கொண்டு வந்து, மாலை போட்டு, பெண்ணைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டி வருகிற மாமனைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். டில்லியில் எழுதின சட்டம், வேறென்ன! தாய்க்கு இரண்டாவது ஸ்தானம் கிடைத்தது மட்டும் லாபம். 1978-ல் பெண்ணுக்கு 18 என்று உயர்த்தியபோது இந்தப் பட்டியலே தேவையில்லாமல் போய் நீக்கப்பட்டது.

அதற்கு முந்தின காலத்துக்கு உங்கள் வீட்டுப் பரணும் டிரங்குப் பெட்டியும்தான் ஆவணக் காப்பகம். முகூர்த்தப் பத்திரிகையில் பெரும்பாலும் 'இன்னாரின் ஜேஷ்ட குமாரத்தி' என்று தகப்பன் பெயர்தான் இருக்கும். ஆனால் மொய் நோட்டு இருக்கிறதே, அது பொக்கிஷம்! யார், எந்த ஊர், எவ்வளவு என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். பெண்ணின் தாய் பிறந்த ஊர்க்காரர்கள் கூட்டமாக ஒரு பக்கத்தில் வருவார்கள். அந்த ஊர்ப் பெயர் கிடைத்தால் தாய் வழியைப் பிடித்துவிடலாம். எட்டணா, ஒரு ரூபாய் என்று இருக்கிறதே என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொரு தேதியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 என்று வைத்த சாரதா சட்டம் 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முந்தின சில மாதங்களில் அவசர அவசரமாக எட்டு வயசு, ஒன்பது வயசுப் பெண்களுக்கெல்லாம் முடிச்சுப் போட்டார்கள். அதற்கப்புறமும் சில குடும்பங்கள் எல்லை தாண்டிப் பாண்டிச்சேரிக்குப் போய்க் கல்யாணத்தை நடத்தின. உங்கள் பாட்டி தஞ்சாவூர்க்காரி, கல்யாணம் மட்டும் பாண்டிச்சேரியில் என்றால் இப்போது காரணம் புரியும். ஸ்காட்லாந்துக்கு ஓடியவர்கள் பெற்றோரை ஏமாற்ற ஓடினார்கள். இங்கே பெற்றோரே பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்!

சரி, கோயில் ரிஜிஸ்தருக்கு வருவோம். 1872-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 79-வது பிரிவு, கட்டணம் கட்டினால் ரிஜிஸ்தரில் தேடிப் பார்க்கவும் நகல் பெறவும் அனுமதிக்க வேண்டும் என்கிறது. ஆகவே தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டாம். அதற்காகச் சட்டப் புஸ்தகத்தை நீட்டிக்கொண்டும் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கூட்டத்தில் போதகரைப் பிடிக்காமல், வார நாளில் ஒரு காலை வேளையில் போங்கள். பெயர், தகப்பன் பெயர், உத்தேச வருஷம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வருஷம் சரியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் ஐந்து வருஷம் பார்க்க அனுமதி கேளுங்கள். கல்யாண ரிஜிஸ்தரோடு நிற்காமல், ஓலை வாசித்த புஸ்தகம், கல்யாண நோட்டீஸ்கள், பிரமாணக் காகிதங்கள் கட்டு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். சம்மதத்துக்கு ரிஜிஸ்தரில் தனிக் கலம் இல்லாததால், பல இடத்தில் அந்தச் செய்தி பிரமாணக் காகிதத்தில்தான் இருக்கும். ஓரத்தில் எழுதி வைத்த மதுரைப் போதகரைப் போல எல்லோரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

கோயிலில் கறையான் அரித்துப் போயிருந்தால் மனதை விட்டுவிட வேண்டாம். சென்னை ராஜதானிக் கோயில்கள் பலவற்றின் பதிவுப் பிரதிகள் 1698-லிருந்து லண்டனுக்குப் போயிருக்கின்றன. பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அவை இருக்கின்றன. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பதிவுகளே அதிகம் என்றாலும் நம் பெயர்களும் இடையிடையே தென்படும். ஃபேமிலி சர்ச் என்கிற இலவச இணையதளத்திலும் பெயர் போட்டுத் தேடலாம். நம் பெயர்களை வெள்ளைக்காரர்கள் எழுதின அழகு உங்களுக்குத் தெரியுமே! ஞானம்மாள் 'நானமால்' ஆகியிருப்பாள். நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள்.

நகல் வாங்கும்போது தட்டச்சு செய்த நகல் மட்டும் போதாது. அனுமதி கேட்டு அந்தப் பக்கத்தையே முழுசாக, ஓரம் வெட்டுப்படாமல், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தட்டச்சு செய்கிறவர் கலத்துக்குள் இருப்பதைத்தான் அடிப்பார். கைநாட்டை அடிக்க அவர் மிஷினில் எழுத்துக் கிடையாது.